ஆயாவின் வாழ்க்கைக் குறிப்பில் ஊர் வரலாற்றுக்கு எவ்வளவு இடம் தருவது?

வியாசர்பாடிப் பேத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் நைனாவைப் பெற்ற ஆயாவின் வாழ்க்கையை எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பதற்காக ஒரு சிறு நூலாக எழுதி வருகிறேன். ஆயா ராயபுரத்தில் துறைமுகக் கூலி ஒருவரின் மகளாகப் பிறந்து, புளியந்தோப்பில் ஓர் ஆதி திராவிட மில் தொழிலாளிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, 1990களின் இறுதியில் வியாசர்பாடியில் காலமானார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் அவர் கைப்பட எழுதிய எதுவும் இல்லை. 1980களில் நைனா பதிவு செய்து வைத்த சில ஒலிநாடாக்களும், கிழிந்துபோன குடும்ப அட்டைகளும், கர்நாடிக் மில்லில் வேலை செய்த தாத்தாவின் சர்வீஸ் கார்டும், ஒரே ஒரு புகைப்படமுமே என்னிடம் உள்ளன.

ஆயா சொன்னவற்றை ஆண்டுவாரியாக அடுக்கி, அந்தந்த ஆண்டில் நாட்டிலும் நகரத்திலும் நடந்தவற்றைப் பக்கத்தில் வைத்து முதல் வரைவை எழுதி முடித்தேன். 1914இல் எம்டன் கப்பல் தாக்குதல், 1918இல் தொழிற்சங்கம், 1942இல் நகரம் காலியானது, 1947இல் விடுதலை, 1967இல் ஆட்சி மாற்றம் என்று வரிசையாகச் சென்றது. அதைப் படித்த என் அத்தை, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, இதுல எங்கம்மா எங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. வரலாற்றை எடுத்துவிட்டால் ஆயாவின் வாழ்க்கை எங்கு வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கக்கூடிய ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. சேர்த்தால் அவர் பின்னால் போய்விடுகிறார்.

இதோடு சில குறிப்பான சிக்கல்களும் உண்டு. எம்டன் குண்டு போட்ட இரவில் தன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தன் தாயார் திருவொற்றியூர் வரை நடந்ததாக ஆயா சொல்கிறார். 1960களின் குடும்ப அட்டையில் உள்ள வயதைக் கணக்கிட்டால் அவர் 1920 வாக்கில்தான் பிறந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் இடுப்பளவு வெள்ளம் நின்றபோதே ஜப்பான்காரன் விமானத்தில் வந்து குண்டு போட்டான் என்கிறார். ஊர் காலியானது ஏப்ரல் மாதத்துக் கோடையில் என்பதால் வெள்ளம் எப்படி வந்தது என்று புரியவில்லை. தான் பிறந்த வீடு இப்போது கடலுக்குள் இருக்கிறது என்று பல இடங்களில் சொல்கிறார். 1947 ஆகஸ்ட் 15 பற்றி நைனா கேட்டபோது, அந்த ஆண்டு அடகு வைத்த பித்தளை அண்டாவை மீட்கவே முடியவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்.

கடைசிச் சிக்கல்தான் குடும்பத்தில் சண்டையாகியிருக்கிறது. தாத்தா மில்லில் சேர்ந்த மாதம் 1921 ஆகஸ்ட் என்று சர்வீஸ் கார்டில் உள்ளது. அது பெரிய வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தாத்தாவின் தகப்பனாரும் அதே மில்லில் இருந்தவர். இதை எழுதினால் நம்மைக் கருங்காலிக் குடும்பம் என்பார்கள் என்று, பிற்காலத்தில் சங்கத்தில் பொறுப்பில் இருந்த என் பெரியப்பா கடுமையாக எதிர்க்கிறார். ஆயாவும் ஒலிநாடாவில், மில் சண்டையின்போது தான் பாண்டி ஆடும் வயதில் ராயபுரத்தில் இருந்ததாகவும், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்த கதையை மாமியார் சொல்லிக் கேட்டதாகவும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். இதையெல்லாம் எழுதலாமா, எழுதினால் எப்படி எழுதுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பெரம்பூர் ஓய்வூதியர் எழுதியது:

அம்மா, ஆண்டுகள் தொடர்பான சிக்கல்களுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மில் விஷயத்தை என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கியது 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணி அளவில். கார்ல் வான் முல்லர் என்ற ஜெர்மானியக் கப்பல் தலைவர், துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டுவிட்டு அரை மணி நேரத்துக்குள் இருட்டில் மறைந்தார். இறந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் எரியும் எண்ணெயின் வெளிச்சத்தில் ராயபுரத்தில் இருந்தவர்களுக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அடுத்த குண்டு எப்போது வரும் என்று தெரியாமல் மக்கள் பல நாட்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரத்தை விட்டு வெளியேறிக்கொண்டே இருந்தார்கள். நவம்பரில் கோகோஸ் தீவருகே எம்டன் வீழ்த்தப்பட்ட செய்தி வந்த பிறகுதான் பயம் தணிந்தது.

இனி வயதுக்கு வருவோம். தோளில் தூக்கிச் சென்றதை ஆயா நினைவில் வைத்துச் சொல்லவில்லை. தன் தாயார் சொன்னதைச் சொல்கிறார். நாள், தேதி மறந்துபோகலாம், ஆனால் அந்த இரவில் பிள்ளை வயிற்றில் இருந்ததா தோளில் இருந்ததா என்பதைப் பெற்றவள் மாற்றிச் சொல்ல மாட்டாள். ஆகவே ஆனந்த வருடம் புரட்டாசிக்கு முன்பே, அதாவது 1914 செப்டம்பருக்கு முன்பே அவர் பிறந்துவிட்டார் என்று துணிந்து எழுதலாம். குடும்ப அட்டையில் உள்ள வயது எப்படி வந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் முகத்தைப் பார்த்து ஒரு வயதை எழுதினார், இந்தப் பக்கம் இருந்தவர் தலையாட்டினார். அட்டை அச்சிட்ட தாளில் இருக்கிறது என்பதாலேயே பெற்ற தாயின் வாக்கைவிட நம்பத்தக்கதாகிவிடாது.

வெள்ளமும் குண்டும் ஒரே சமயத்தில் வந்ததாக ஆயா சொன்னதில் குழப்பமே இல்லை. ஊர் காலியானது, குண்டு விழுந்தது என்ற இரண்டு தனித்தனி நிகழ்ச்சிகளை நீங்கள் ஒன்றாகப் பார்க்கிறீர்கள். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் ஜப்பானியர்களால் தாக்கப்பட்டன. அடுத்தது சென்னைதான் என்று அஞ்சி, அவசியமான வேலை இல்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போகலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகள், கூண்டு உடைந்தால் ஊருக்குள் புகுந்துவிடும் என்று சுட்டுக் கொல்லப்பட்டன. அந்த ஏப்ரலில் குண்டு எதுவும் விழவில்லை. குண்டு விழுந்தது அடுத்த ஆண்டு, 1943 அக்டோபரில். நாட்கணக்கில் பெய்த மழையில் கூவமும் ஓட்டேரி நாலாவும் பெருகி நகரத்தின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கிக் கிடந்த அதே சமயத்தில், ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பகுதியில் சில குண்டுகளை வீசிவிட்டுப் போனது. எல்லோரும் 1942இன் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதால் இந்தச் சம்பவம் பலருக்குத் தெரியாது. புளியந்தோப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஒருவருக்குத்தான் அது சரியாக நினைவிருக்கும்.

உங்கள் அத்தையின் கேள்விக்கு நான் சொல்லும் வழி ஒன்றே. ஒவ்வொரு நிகழ்ச்சியும் எந்த வழியாக அந்த வீட்டுக்குள் வந்தது என்று தேடுங்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசம் போனது என்பதை அப்படியே எழுதினால் அது பாடப்புத்தகம். சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பியிருந்தது, அது நின்றது, 1943இல் நகரத்துக்குப் பங்கீட்டு முறை வந்தது, ஆயா கையில் முதன்முதலாக ஒரு ரேஷன் அட்டையும், என்ன செய்வதென்றே தெரியாத கோதுமையும் வந்தன. ரங்கூனிலிருந்து அடுப்பங்கரை வரைக்கும் இப்படி ஒரு பாதை இருக்கிறது. பாதை தெரிகிற நிகழ்ச்சிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாதை இல்லாதவை எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் ஆயாவின் புத்தகத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

புளியந்தோப்பு வாசகன் எழுதியது:

சகோதரி, 1921 பற்றி எழுதத்தான் வேண்டும் என்பது என் கருத்து. என் தாத்தா தெருவின் அந்தப் பக்கம் நின்றவர். வேலைநிறுத்தத்தில் கடைசி வரை இருந்தவர். ஆகவே உங்கள் குடும்பத்தைக் காப்பாற்றும் நோக்கம் எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பின்னணி. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அதற்கு அடித்தளம் இட்டார்கள், திரு.வி.க. உடன் நின்றார். 1920 டிசம்பரில் மில் கேட்டருகே நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். மில்லை நடத்திய பின்னி கம்பெனியின் நிர்வாகம் வாடியா மீதும் சங்கத் தலைவர்கள் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. சங்கம் பணிய வேண்டியிருந்தது. இந்த வழக்கின் எதிரொலியாகவே 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் 1921 தொடக்கத்தில் அந்தத் தொழிலாளியின் நிலை என்னவென்றால், பல வாரக் கூலி போயிற்று, கடன் ஏறிற்று, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதே.

அந்த நிலையில்தான் சில மாதங்களுக்குள் அடுத்த வேலைநிறுத்தம் வந்தது. கர்நாடிக் மில்லின் நூற்புப் பகுதியில் தொடங்கி, ஜூனில் பக்கிங்ஹாம் மில்லுக்கும் பரவியது. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். ஆதி திராவிடர்களில் மிகப் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆதி திராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அவர்களுக்காகப் பேசினார். சங்கத்தின் பக்கம் நின்று கதை சொல்பவர்கள் இதை நிர்வாகத்தின் பிரித்தாளும் சூழ்ச்சி என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். சூழ்ச்சி இருந்தது உண்மை. ஆனால் வேலைக்குப் போனவரின் கணக்கையும் பார்க்க வேண்டும். கிராமத்தில் நிலமில்லை, திரும்பிப் போனால் பண்ணையடிமைத்தனம். கடன் கொடுக்க உறவில் ஆளில்லை. வெளியே தீண்டத்தகாதவராக நடத்துகிறவர்களே தலைமை தாங்கும் போராட்டத்தில், தோற்றால் முதலில் பலியாவது தாமே என்ற அச்சம். இந்த மூன்றையும் எழுதாமல் கருங்காலி என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் ஆதி திராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்டன. உங்கள் ஆயாவின் மாமியார் சொன்ன கதை அதுதான். ஆகஸ்ட் இறுதியில் பெரம்பூரில் போலீசார் சுட்டதில் வேலைநிறுத்தக்காரர்கள் இறந்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டாவதை மட்டும் சொல்லி வளர்த்தார்கள். உங்கள் வீட்டில் முதலாவதைச் சொல்லியிருப்பார்கள். இரண்டும் ஒரே கோடையில், நடந்தே போகும் தூரத்தில் நடந்தவை.

இப்போது சர்வீஸ் கார்டு. தாத்தா பிறந்த ஆண்டு என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அவர் 1907 வாக்கில் பிறந்தவராக இருந்தால் இன்னொரு விளக்கமும் உண்டு. அக்காலச் சட்டப்படி 14 வயது நிரம்பாத பையன்கள் மில்லில் அரை நேர வேலை பார்க்கலாம். பின்னி மில்லில் அவர்களுக்கென்று பள்ளிக்கூடமே இருந்தது. 14 நிறைந்ததும் முழு ஆளாகப் பெயர் பதிவாகும். ஆகவே 1921 ஆகஸ்ட் என்பது அவர் அரை ஆளிலிருந்து முழு ஆளான மாதமாக இருக்கலாம். இதைச் சொல்லி உங்கள் பெரியப்பாவைச் சமாதானப்படுத்த விரும்பினால் செய்யுங்கள். ஆனால் எப்படிப் பார்த்தாலும் அந்த மாதத்தில் அந்தப் பையன் கேட்டைத் தாண்டி உள்ளே போயிருக்கிறான். எரிந்த குடிசையிலிருந்து போனானா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி.

இன்னொன்று. அண்டாவை மீட்க முடியாத கதையை விட்டுவிடாதீர்கள். 1947 மார்ச்சில் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் சுமார் 100 நாட்கள் நடந்தது. சங்கத் தலைவர் அந்தோணி பிள்ளை கைது செய்யப்பட்டார். ஜூன் வரை கூலி இல்லாத வீட்டுக்கு ஆகஸ்டில் விடுதலை வந்தது. ஆயா ஏன் அண்டாவைப் பற்றிப் பேசினார் என்பது இதில் இருக்கிறது. உங்கள் தாத்தா அந்த 100 நாளும் வெளியே நின்றாரா என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். நின்றிருந்தால், 1921இல் உள்ளே போன அதே மனிதர் 1947இல் வெளியே நின்றார் என்று எழுதலாம். இரண்டையும் எழுதினால்தான் இரண்டாவதற்கு மதிப்பு.

காசிமேட்டுக் கரை எழுதியது:

பிறந்த வீடு கடலுக்குள் இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னதைப் பற்றி யாரும் பேசவில்லை. அது கதையில்லை, உண்மை.

நம் கடற்கரையில் ஆண்டு முழுவதும் கணக்கிட்டுப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1870களின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியதும் அந்த ஓட்டம் மறிக்கப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரை அரித்துக்கொண்டே போனது. 1881 புயலில் சுவர்கள் உடைந்து, திரும்பக் கட்டி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் நுழைவாயிலைக் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றினார். துறைமுகம் பாதுகாப்பானது. எங்கள் பக்கம் தெருத் தெருவாகக் கடல் எடுத்தது; பின்னாளில் கருங்கல்லைக் கொட்டித்தான் நிறுத்த முயன்றார்கள். மெரினாவில் காற்று வாங்கப் போகிறவர்களுக்கு அந்த மணல் யாருடைய வாசலிலிருந்து வர வேண்டியது என்று தெரியாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் 1980களில் வந்தபோது, பழைய ஆட்கள் தூரத்து அலையைக் காட்டி அங்கேதான் எங்கள் தெரு இருந்தது என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

பெரம்பூர் ஐயா சொன்ன பாதைக் கணக்கு நல்லதுதான், ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அவர் கேட்பது தேதி உள்ள நிகழ்ச்சிகளை மட்டும். கரை அரித்ததற்குத் தேதி கிடையாது. எந்தப் பத்திரிகையிலும் தலைப்புச் செய்தியாக வந்திருக்காது. ஆயாவின் அப்பா அந்தத் துறைமுகத்தில்தான் மூட்டை தூக்கினார்; அந்தத் துறைமுகச் சுவர்தான் அவர் வீட்டையும் கடலுக்குக் கொடுத்தது. எம்டன் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனான். நான் எழுதுவதாக இருந்தால் முதல் அத்தியாயம் எம்டனில் தொடங்காது.

ஓட்டேரி ஆசிரியை எழுதியது:

மில், சங்கம், துறைமுகம், போர் என்று எல்லாமே ஆண்கள் வேலை செய்த இடங்களாகவே இந்த விவாதத்தில் வருகின்றன. ஆயா என்ன வேலை செய்தார்? 100 நாள் கூலி வராதபோது வீட்டில் உலை கொதித்தது எப்படி? மில் கேட்டருகே இட்லி விற்றாரா, நெல் குத்தினாரா, எண்ணெய் வாங்கி விற்றாரா? அத்தை கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒலிநாடாவில் விலைகள் எங்கெல்லாம் வருகின்றன என்று மட்டும் ஒருமுறை தனியாகக் கேட்டுப் பாருங்கள். 1967இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுத்ததை அந்தத் தலைமுறைப் பெண்கள் எந்தத் தேர்தல் கூட்டத்தையும்விட நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்ததையும் கேளுங்கள். வாரக் கூலி வீட்டுக்கு வந்து சேர்ந்ததா, வழியில் கரைந்ததா என்பது ஒரு மில் தொழிலாளியின் மனைவிக்குச் சிறிய விஷயமில்லை.

ஆவணம் தேடுவதாக இருந்தால் மாநகராட்சியின் பழைய பிறப்புப் பதிவேட்டில் பெயரைத் தேடாதீர்கள். அக்காலப் பதிவுகளில் பெரும்பாலும் குழந்தையின் பெயரே இருக்காது. தகப்பன் பெயரும் ஆணா பெண்ணா என்பதும்தான் இருக்கும். தெருப் பெயரையும் கொள்ளுத் தாத்தாவின் பெயரையும் கையில் வைத்துக்கொண்டு 1913, 1914 இரண்டு ஆண்டுகளையும் பாருங்கள். மில் வேலைநிறுத்தம் தொடர்பான அரசு ஆணைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், பழைய தமிழ் இதழ்கள் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் கிடைக்கும்.

வியாசர்பாடிப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னபடி நாடாக்களைத் திரும்பவும் கேட்டேன். ஆயா மில் கேட்டருகே அல்ல, பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில்வே ஆட்களுக்குக் காலையில் இட்லியும் மாலையில் சுண்டலும் விற்றிருக்கிறார். மில் கேட்டில் ஏன் விற்கவில்லை என்று நைனா கேட்கிறார். அங்கே கடன் சொல்லுவார்கள், வேலைநிறுத்தம் வந்தால் கடனும் போய்விடும், ரயில்வேயில் மாதம் பிறந்தால் காசு வரும் என்கிறார். இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கும் தொழிலாளர் வரலாறு என் வரைவு முழுவதிலும் இல்லை. இனி ஆண்டு வரிசையை விட்டுவிட்டு இட்லிக் கூடை, ரேஷன் அட்டை, அண்டா, கடல் என்று பொருள் வரிசையில் எழுதப் போகிறேன். முதல் அத்தியாயம் கடல். காசிமேட்டு அண்ணன் மகிழ்ச்சியடைவார்.

தாத்தா 1947இல் வெளியே நின்றிருக்கிறார். பெரியப்பா அதை எழுதச் சொல்கிறார், 1921ஐ எழுத வேண்டாம் என்கிறார். தாத்தா 1907இல் பிறந்தவர் என்று மாமா முறையாகும் ஒருவர் சொல்கிறார். அரை ஆள், முழு ஆள் விளக்கத்தைக் கேட்டதும் பெரியப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அதை மட்டும் எழுதி நிறுத்து என்கிறார். குடிசை எரிந்ததையும் சேர்த்து எழுதலாமா என்று கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

புளியந்தோப்பு வாசகன் எழுதியது:

பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று நான் சொன்னால் அது பெரியவருக்கு மரியாதையாக இருக்காது. ஒன்று செய்யலாம். அவர் சங்கத்தில் பொறுப்பில் இருந்தபோது 1921இல் உள்ளே போனவர்களின் பிள்ளைகளும் வெளியே நின்றவர்களின் பிள்ளைகளும் ஒரே சங்கத்தில்தானே இருந்திருப்பார்கள். அவர்கள் எப்படி ஒன்றானார்கள், பழையதை யாரேனும் சொல்லிக் காட்டினார்களா என்று அவரையே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சங்க வரலாற்றைப் பேசுகிறவர்கள் தலைவர்களைப் பற்றியே பேசுவதால் இதை நான் எங்கும் கேட்டதில்லை. அவர் பேசத் தொடங்கினால் குடிசைகள் தாமாகவே வந்துவிடும். பதிவு செய்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மில் 1996இல் மூடிய பிறகு இதைக் கேட்பதற்கு ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.